சாகுபடியாளர் பெயர்: பேபி

எங்கள் துறையில் ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். ஓய்வுபெற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பிரியா போன் செய்து, தலைப்பையும் அவளே சொல்லிவிட்டாள்: 'கொரோனா காலத்தில் என் சேவை'. "நானூறு வார்த்தைக்குள்ள மேடம். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும். கூட ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ." எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் தாண்டியும் பாசிட்டிவாக ஒரு வரி வரவில்லை. மலருக்கு வேறு யாராவது எழுதட்டும். நான் நடந்ததை எழுதுகிறேன்.

என் பதவிக்குப் பெயர் உதவித் தோட்டக்கலை அலுவலர். டிப்ளமோ படிப்பிலும் பயிற்சியிலும் ஒட்டுக் கட்டவும், மண் மாதிரி எடுக்கவும், இலையைப் பார்த்து நோயைச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்த பிறகு முப்பத்து நான்கு வருஷம் படிவம் நிரப்பினேன். கடைசிப் பதினான்கு வருஷம் தாம்பரத்துக்குத் தெற்கே. "தாம்பரத்துல தோட்டக்கலையா? அங்க என்ன விளையுது, ஃபிளாட்டா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாக் கல்யாணத்திலும் கேட்பார்கள். நானும் எல்லாக் கல்யாணத்திலும் சிரித்து வைப்பேன்.

கேள்வியில் தப்பில்லை. இரும்புலியூரிலிருந்து வண்டலூர் தாண்டும் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் என் எல்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் பாதி இடம் இன்னும் புஞ்சை நிலம். நேரில் போய்ப் பார்த்தால் அடுக்குமாடி, கல்யாண மண்டபம், கால்டாக்சி நிறுத்துமிடம், நடுநடுவே காலி மனைகள். அந்தக் காலி மனைகளில்தான் என்னுடைய விவசாயிகள் இருந்தார்கள். கீரை போடுகிறவர்கள். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை. காலையில் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் நீங்கள் வாங்கிய கட்டு பல சமயம் உங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி விளைந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாது. மனை வாங்கிப் போட்டவர் மயிலாப்பூரிலோ மஸ்கட்டிலோ இருப்பார். மனையைச் சும்மா விட்டால் முதலில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அடுத்து ஒரு குடிசை வரும், அதற்கடுத்து ஒரு கொடிக்கம்பம், கடைசியில் போலிப் பத்திரத்தோடு ஒரு ஆள். பச்சையாகக் கீரை இருந்தால் யாரோ தினம் வந்து போகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். அதனால் மனைக்காரர் கீரைக்காரரை உள்ளே விடுவார். வாடகை கிடையாது, குத்தகை கிடையாது. கீரைக்காரர் முள்செடி வெட்ட வேண்டும், எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மனைக்காரர் வந்தால் ரெண்டு கட்டுக் கீரை கொடுக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். எந்தத் தாளிலும் கீரைக்காரர் பெயர் வரக் கூடாது.

பேபிக்கு அப்படி நாலு மனை இருந்தது. நாலும் ஒருவருடையது. பதினோரு வருஷமாக அவள் கையில். இரும்புலியூரில் வாடகை வீடு, புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர், ரெண்டு பெண் பிள்ளைகள். நாலு பேரையும் அந்தக் கீரைதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ரெண்டு கையிலும் ரெண்டு பூவாளியைத் தூக்கிக்கொண்டு, பாத்திக்கு நடுவே ஒரு இலையைக்கூட மிதிக்காமல் அவள் ஓடுவதை நான் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். விதையில் மணல் கலந்து அவள் தூவும் அளவை என் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் ஊரடங்கு வந்தபோது அவளுடைய முளைக்கீரை சரியாக அறுப்புக்கு நின்றது. பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை, டிவிஎஸ் வண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனவளை ரோட்டு முனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீரை யாருக்காகவும் காத்திருக்காது. முற்றி, தண்டு விட்டு, பூத்துவிட்டது. பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். மறுபடி விதைத்தாள், மறுபடி மாட்டுக்குப் போட்டாள். "விக்கத்தான் முடியலையே, ஏன் விதைக்கிற?" என்று கேட்டேன்.

"பச்சை இல்லாங்காட்டி எவனாச்சும் கண்ணு வச்சிடுவான் மேடம்" என்றாள். "மனைக்கார சாரு என்னிய நம்பித்தானே வுட்டுக்கிறாரு."

அந்தக் கோடை முடிகிற சமயத்தில்தான் நிவாரணத் திட்டம் வந்தது. விளைந்ததை விற்க முடியாமல் போன காய்கறி, கீரை, பூ விவசாயிகளுக்கு அரசு உதவித்தொகை. திட்டத்துக்கு மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு. நாங்கள் கொரோனா பணம் என்றுதான் சொன்னோம். ஒரு மாத வீட்டு வாடகைக்குக்கூடக் காணாத தொகை. அதற்குக் கேட்ட தாள்களோ ஒரு வீட்டையே விற்கலாம் என்கிற அளவுக்கு இருந்தன. நில உரிமைக்குச் சிட்டா, யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதற்கு வி.ஏ.ஓ. தரும் அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புகைப்படம்: விவசாயி சேதமான பயிருக்கு நடுவே நின்று, தன் பெயரும் சர்வே எண்ணும் எழுதிய சிலேட்டை மார்புக்கு நேரே பிடித்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் எடுப்பதுபோலவே இருக்கும்.

கணினியில் பயிர்ப் பட்டியல் திறந்தால் கீரை என்று ஒன்று இல்லை. 'இதர' என்று போட வேண்டும். 'இதர' போட்டால் அறுவடை மாதம் கேட்கும். இருபத்தைந்து நாளில் அறுக்கிற பயிருக்கு நான் எந்த மாதத்தைச் சொல்வது? கோடையில் மாடு தின்ற கீரையை இப்போது எப்படிப் போட்டோ எடுப்பது? மேலே கேட்டால், "சேதமடைந்த பயிரைக் களத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. யார் எழுதினார்களோ, அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கீரை எத்தனை நாள் தாங்குகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் தாள் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் எளிதாக நடந்தது. வேளச்சேரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பட்டாவில் அவர் பெயர், பதிவேட்டில் புஞ்சை, நேரில் ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். "மேடம், என் நிலத்துல இப்ப நான் என்ன பயிர் வச்சிருக்கேன்னு எழுதணும்?" என்று என்னையே கேட்டார். இன்னொருவர் மொட்டை மாடியில் மூன்று மிளகாய்த் தொட்டிக்கு நடுவே சிலேட்டோடு நின்று போட்டோ அனுப்பினார். நான் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் பாதி, வேறு வழியாகச் சுற்றி, சரியான அடங்கலோடு என் மேஜைக்கே திரும்பி வந்தன. அடங்கலில் போன வருஷம் எழுதியதைத்தான் இந்த வருஷமும் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி கார் நிறுத்துமிடத்தில் வருஷம் தவறாமல் கத்திரிக்காய் காய்த்துக்கொண்டிருந்தது. தாள் சரியாக இருந்தால் நான் மறுக்க முடியாது. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சம்பந்தமே இல்லாமல் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

இங்கே என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதவி இயக்குநர் ஞானசேகரன் சார். ஒல்லியான மனிதர், முகக்கவசத்துக்கு மேல் ஒரு கைக்குட்டையும் கட்டியிருப்பார். கொரோனா காலத்தில் அவர் மேஜைக்கு எந்தக் கோப்பும் நேராகப் போகக் கூடாது. முதலில் மாடிக்குப் போக வேண்டும். அங்கே வெயிலில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல்லை மேலே வைத்து, ஒரு பகல் முழுக்கக் காய வைப்போம். வற்றலுக்குக் காவல் இருப்பதுபோல உதவியாளர் குடையோடு உட்கார்ந்திருப்பார். காய்ந்த கோப்பை சார் நின்றுகொண்டே படிப்பார், அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து. முதல் பக்கத்துக்கு வருவதற்குள் நமக்குக் கால் வலித்துவிடும். பிறகு எப்போதும் ஒரே கேள்வி: "இதுல நம்ம கையெழுத்து எங்க வருது?"

எங்கே வருகிறது என்று காட்டினால், அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பல வருஷம் முன்னால், யாரோ தயாரித்த விதை வினியோகப் பட்டியலில் மேலொப்பம் போட்டதற்காக ஒன்பது மாதம் சஸ்பென்ஷனில் இருந்தவர். பட்டியலில் இருந்த ஆட்களில் சிலர் செத்துப் போனவர்கள் என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து ரப்பர் ஸ்டாம்பைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பயந்தாங்கொள்ளி என்று, அப்போது என் பக்கத்து மேஜையில் இருந்த பிரியாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த எரிச்சலில்தான் நான் முடிவு செய்தேன். உண்மையாகவே கீரை போட்டு, உண்மையாகவே நஷ்டப்பட்ட ஒரு ஆளுக்காவது இந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் ஒரு வழி கிடைத்தது. நிலம் இல்லாத சாகுபடியாளர் நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் தரலாம், அல்லது நேரில் பார்த்து வி.ஏ.ஓ. எழுதும் அடங்கலில் சாகுபடியாளர் என்று பெயர் வந்தால் போதும். இரண்டாவது வழியில் உரிமையாளரைக் கேட்கவே வேண்டாம். எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

பேபியிடம் போய்ச் சொன்னேன். அவள் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாம் மேடம். பேப்பர்ல பேர் வந்தா சாருக்குப் புடிக்காது."

"உங்க சாரைக் கேட்கவே போறதில்ல. இது உனக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல."

"அத்தொட்டுத்தான் வேணாங்கறேன். அவுருக்குத் தெரியாம இன்னா செஞ்சாலும் பேஜாராயிடும். எனக்கு நெலம் கீது, அது போதும்."

"ரெண்டு பொண்ணுங்களுக்கு ஃபீஸ் கட்டணும்ல? ரெண்டு விதைப்பு மாட்டுக்குப் போட்டியே, அதுக்கு யார் தருவா? கார் நிறுத்தற இடத்துக்கெல்லாம் கத்திரிக்காய்னு பணம் போகுது பேபி. உனக்கு ஏன் வேணாம்?"

"எனக்குத் தெரியல மேடம். பயமா கீது."

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல. இந்த வார்த்தையை நான் சர்வீஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. நான் இருந்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவள் அந்தப் பாத்தியின் களையை எடுத்து முடித்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிலேட்டை வாங்கினாள். அவளுக்குத் தன் பெயர் எழுதத் தெரியும். 'பேபி' என்று எழுதி, கீழே நான் சொல்லச் சொல்ல சர்வே எண்ணை எழுதினாள். சேதமான பயிர் வேண்டுமே என்று ஓரத்தில் விதைக்காக விட்டிருந்த பூத்த கீரைக்கு நடுவே நிற்க வைத்தேன். "சிரிக்காதே, நஷ்டம்னு தெரியணும்" என்று வேறு சொன்னேன்.

வி.ஏ.ஓ. நல்ல மனிதர். நேரில் வந்து பார்த்து, யாரிடமும் எதுவும் எதிர்பார்க்காமல் அடங்கல் எழுதிக் கொடுத்தார். சாகுபடியாளர் பெயர்: பேபி. பயிர்: கீரை. அந்த வட்டாரத்திலேயே உள்ளது உள்ளபடி எழுதப்பட்ட அடங்கல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கோப்பு மாடியில் காய்ந்து, ஞானசேகரன் சார் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். போட்டோ இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"மேடம், நிலத்துக்காரர் யாரு?"

"ஒரு ரிட்டயர்டு புரொஃபசர் சார். சேலையூர்ல இருக்கார். ரூல்படி அவர் கையெழுத்து தேவையில்ல."

"அது தெரியுது. இந்த அம்மாவுக்கு இது வேணுமா? கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"வேணும்னாங்க."

சார் விரலைக் கையெழுத்து வரும் இடத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல எரிச்சலோடு நானும் நின்றேன். ரூல் தெரியாத மனிதர், ஏழைக்கு வருவதைத் தடுக்கப் பார்க்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தத் திட்டத்தில் எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அந்த இடம் எனக்குக் கசக்கிறது.

விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றினோம். பிரியாதான் ஏற்றினாள், நான் பக்கத்தில் நின்றேன். 'சமர்ப்பி' அழுத்தியதும் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அதே நொடியில் பட்டாவோடு இணைக்கப்பட்டிருந்த போன் எண்ணுக்கு ஒரு செய்தியும் போனது. அது எனக்குத் தெரியாது, பிரியாவுக்குத் தெரியாது, எங்களுக்கு நடந்த அரை நாள் ஆன்லைன் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. நிலமோசடியைத் தடுக்க நல்ல எண்ணத்தோடு யாரோ செய்து வைத்த வசதி. உங்கள் பட்டா நிலத்தில் இன்னார் சாகுபடியாளராகப் பதிவு செய்யப்பட்டுள்ளார், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும் என்று செய்தி. எச்சரிக்கையான மனிதரான புரொஃபசர் தன் எண்ணை முறையாக இணைத்து வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் பேபி எனக்குப் போன் செய்தாள். அவள் அதுவரை ஒரு தடவைகூட எனக்குப் போன் செய்ததில்லை. அவள் குரலில் அழுகை இல்லை, குழப்பம்தான் இருந்தது. "மேடம், சாரு வந்துகிறாரு. கூட வக்கீலும் வந்துகிறாரு. உன் பேரு எப்டி வந்துச்சுன்னு கேட்டுகினே கீறாங்க. நீங்க கொஞ்சம் வந்து சொல்றீங்களா?"

நான் போவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே சேலையூரில் அவர் வீட்டுக்குப் போனேன். புரொஃபசர் கத்தவில்லை. வராந்தாவில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு, காபி கொடுத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அந்த அம்மா மேல எனக்கு ஒரு குறையும் இல்ல மேடம். பதினோரு வருஷத்துல ஒரு கல்லு நகர்ந்ததில்ல. ஆனா சாகுபடியாளர்னு கவர்மென்ட் ரெக்கார்டுல ஏறிட்டா நாளைக்கு அவங்கள எழுப்ப முடியாதுன்னு வக்கீல் சொல்றார். என் பொண்ணு அமெரிக்காவுல இருந்து தினம் கேக்கறா, அப்பா, நம்ம இடத்துல வேற ஒருத்தர் பேர் எப்படி வந்ததுன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"இது ஒரு தடவை தர்ற நிவாரணம் சார். உரிமை எதுவும் வராது."

"அதை எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுக்க முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

"அப்ப அந்தப் பதிவை ரத்து பண்ணிட்டு ஒரு தாள் குடுங்க. மறுநாளே அவங்க வந்து கீரை போடட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு ரெண்டு வாரம் நான் பட்டது நாய் படாத பாடு. கணினியில் விண்ணப்பத்தைச் சேர்க்க பட்டன் இருந்தது, நீக்க பட்டன் இல்லை. சென்னைக்குப் போன் செய்தேன். உதவி மையத்தில் ஒரு பெண், "பயனாளி இறந்துட்டாங்களா மேடம்? இறப்புச் சான்றிதழ் இருந்தா எடுத்துடலாம்" என்றாள். உயிரோடு இருக்கிறாள் அம்மா, அவளுக்கு வேண்டாமாம் என்றேன். வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் கட்டம் இல்லை. வி.ஏ.ஓ.விடம் போனேன். அடங்கலைத் திருத்த வேண்டுமானால் தான் எழுதியது பொய் என்று அவர் எழுதித் தர வேண்டும். உண்மையை எழுதிய மனிதரிடம் பொய்யென்று எழுதிக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்டேன். அவர் முடியாது என்றார், அது நியாயம்தான். கார் நிறுத்துமிடத்தின் கத்திரிக்காயை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பேபியின் கீரைக்கு மட்டும் தலைமையகத்திலிருந்து வக்கீல் வரைக்கும் எல்லாரும் சட்டம் பேசினார்கள்.

ஞானசேகரன் சாரிடமும் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன், அவள் வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். கைக்குட்டையை இறக்கிவிட்டு, "சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருக்கலாமே மேடம்" என்றார். ரத்து செய்யக் கோரி ஒரு கடிதம் தயாரித்து, கையெழுத்து எங்கே வருகிறது என்று கேட்காமல் அவரே போட்டு அனுப்பினார். அதற்கு இன்று வரைக்கும் பதில் வரவில்லை.

பதினைந்தாம் நாள் ஜே.சி.பி. வந்தது. புரொஃபசர் அவளுக்கு அறுத்துக்கொள்ள ரெண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தார். நான் போனபோது பாத்திகள் இல்லை. சிவப்பு மண்ணைச் சமப்படுத்தி, நாலு பக்கமும் சிமென்ட் பலகையில் காம்பவுண்டு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பேபி ரோட்டோரத்தில் ரெண்டு பூவாளியையும் ஒரு விதைப் பையையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டேதான் போனேன். "வேற மனை பார்க்கலாம் பேபி" என்றேன். "பாத்துகினுதான் கீறேன்" என்றாள். "ஆனா இந்த ஏரியா பூரா சொல்லிகினாங்க மேடம். அந்தப் பேபி பேப்பர்ல பேர் ஏத்திப்புட்டா, அவள உள்ள வுடாதீங்கன்னு."

விஷயம் அவளோடு நிற்கவில்லை. அந்த லேஅவுட்டில் கீரை போட்டுக்கொண்டிருந்த இன்னும் ஏழெட்டுப் பேரை, மனைக்காரர்கள் ஒரே மாதத்தில் வெளியேற்றிவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் பேபி கணக்கில் நிவாரணத் தொகை ஏறியது. திட்டம் வெற்றி.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் நிலமற்ற சாகுபடியாளர் ஒருவர் பயனடைந்த விவரத்தைப் புகைப்படத்தோடு அனுப்ப வேண்டும். பயனாளி மகிழ்ச்சியாகத் தெரிய வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒப்புதலான விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். தினம் நினைவூட்டல் வந்தது. கடைசியில், என்றைக்கு வரும் என்று நாள் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. என் பென்ஷன் கோப்பு மேலே போயிருந்த நேரம். போனேன்.

பேபியை இரும்புலியூர் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். விடிகாலையில் லோடு ஆட்டோவில் வரும் கீரையைக் கட்டுக் கணக்கில் வாங்கி, கோணி விரித்து விற்றுக்கொண்டிருந்தாள். பெரிய பெண் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாளாம். கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அவளாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கட்டு சிறுகீரையை எடுத்து நீட்டினாள். "வாங்கிக்கங்க மேடம். ஆனா நம்ம கீரை மாதிரி இருக்காது. மருந்து வாசனை வரும்."

கட்டை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, வந்த காரியத்தை ஒரு வழியாகச் சொன்னேன். போட்டோ வேண்டும், ஆபீஸில் கேட்கிறார்கள், நீ பணம் வாங்கினதுக்கு. அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். எனக்குத் தொந்தரவு வரக் கூடாது என்றுதான் எழுந்திருப்பாள், எனக்குத் தெரியும். நின்ற பிறகுதான் கேட்டாள்.

"இத்த எடுத்தா, மறுபடி யாருக்காச்சும் மெசேஜ் போவுமா மேடம்?"

"தெரியல பேபி" என்றேன்.

அவள் "அப்ப வேணாம்" என்றாள். திரும்ப உட்கார்ந்து, பாட்டிலைச் சாய்த்துக் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள்.

இந்தத் தடவை நான் வற்புறுத்தவில்லை.